கரும்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியா: முதன்முறையாக இடுபவர்களுக்கு

கரும்பை ஒடித்துக் கடிக்கும்போது வாயில் நிறைகிற சாற்றில் சர்க்கரையோடு கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களும் சேர்ந்தே வருகின்றன. அவை அழுகலால் வந்தவை அல்ல. நோயில்லாமல் நன்கு விளைந்த கரும்பின் வேரிலும் தண்டிலும் இலையிலும், செல்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளிலும், நீர் ஏறுகிற குழாய்களிலும் குடியிருப்பவை. இவ்வாறு பயிருக்குள்ளேயே வாழ்ந்து, பயிருக்கு நோய் உண்டாக்காமல் வளர்ச்சிக்குக் கைகொடுப்பவற்றை உள்வாழ் பாக்டீரியாக்கள் என்கிறோம். நெல், மக்காச்சோளம், கேழ்வரகு என்று ஏறக்குறைய எல்லாப் பயிர்களிலும் இவை உண்டு. ஆயினும் புதிதாகப் பழக நினைப்பவர் கரும்பிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். கரும்பு பத்துப் பன்னிரண்டு மாதம் நிலத்தில் நிற்பதால் பாக்டீரியா பெருகவும் வேலை செய்யவும் காலம் கிடைக்கிறது. விதைக்குப் பதிலாகக் கரணையை, அதாவது வெட்டிய கரும்புத் துண்டை, நடுவதால் அதற்குள் நுழைவதற்கு வெட்டுவாயும் கிடைக்கிறது. குளுக்கனோஅசிட்டோபாக்டர் என்ற பெயரில் கரும்புக்கென்றே ஒரு பாக்டீரியாப் பொட்டலமும் தமிழ்நாட்டில் விற்பனையில் இருக்கிறது.

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் முடிச்சுகள் தெரியும். அதற்குள் இருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா வேலை செய்கிறதா என்பதை முடிச்சைக் கிள்ளி உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தே சொல்லிவிடலாம். கரும்பில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. தூரைத் தோண்டிக் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தாலும் இட்ட வேரும் இடாத வேரும் ஒரே மாதிரிதான் இருக்கும். கண்ணால் பார்க்க முடியாத பொருள் என்பதால்தான் இதை அளவுக்கு மீறி நம்புகிறவர்களும், ஒரே போகம் போட்டுவிட்டு ‘எல்லாம் வெறும் கரித்தூள்’ என்று கைவிடுகிறவர்களும் சம அளவில் இருக்கிறார்கள்.

குளுக்கனோஅசிட்டோபாக்டர் என்ற இந்தப் பாக்டீரியாவை 1988இல் உலகுக்குத் தெரிவித்தவர்கள் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து பிரேசிலில் குடியேறி, ரியோ டி ஜெனிரோ அருகிலுள்ள செரோபெடிகாவில் தம் வாழ்நாள் முழுவதும் பணியாற்றிய ஜொஹானா டோபெரெய்னரின் ஆய்வுக்கூடம் அது. தழைச்சத்தே (நைட்ரஜனே) சேர்க்காமல், சர்க்கரை மட்டும் சேர்த்து, கஞ்சி போலத் தளதளவென்று இருக்கும் ஓர் ஊடகத்தைச் சிறு குப்பியில் ஊற்றி, கரும்புச் சாற்றில் ஒரு துளி விட்டு வைப்பார்கள். சில நாட்களில் மேற்பரப்பை ஒட்டி மஞ்சள் நிறத்தில் மெல்லிய ஆடை படியும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் மிகுந்தால் செயலிழந்துவிடும். பாக்டீரியா மூச்சுவிடவோ ஆக்சிஜன் வேண்டும். ஆகவே அதிகமும் இல்லாத, அறவே இல்லாமலும் போகாத ஓர் ஆழத்தை அது தானே தேடி, அங்கே கூடி ஆடையாகிறது. நூற்றுக்குப் பத்துப் பங்கு சர்க்கரைக் கரைசலிலும் புளிப்பிலும் இது செழிக்கும் என்பதும் அங்கேதான் தெரியவந்தது. கரும்புத் தண்டின் உட்புறம் இதற்குப் பிறந்த வீடு போன்றது. வெறும் மண்ணிலோ இது நெடுநாள் தங்குவதில்லை. ஒரு போகத்திலிருந்து அடுத்த போகத்துக்குப் பெரும்பாலும் கரணை வழியாகவே செல்கிறது.

உள்ளே புகுந்த பின் அது செய்கிற வேலை ஒன்றல்ல. நைட்ரஜனைப் பிடிப்பது முதல் வேலை. அதோடு வேரைத் தூண்டும் இண்டோல் அசிட்டிக் அமிலத்தைச் சுரக்கிறது. குளுக்கோனிக் அமிலத்தைச் சுரந்து, கரையாமல் கிடக்கும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) துத்தநாகத்தையும் கரைக்கிறது. நைட்ரஜனைப் பிடிக்க முடியாதபடி மரபணு முடக்கப்பட்ட பாக்டீரியாவை ஒரு பகுதிக் கரும்பிலும் இயல்பான பாக்டீரியாவை மறுபகுதியிலும் செலுத்தி ஒப்பிட்ட ஆய்வு 2001இல் வெளியானது. தழைச்சத்து குறைவான நிலையில் இயல்பான பாக்டீரியா பெற்ற கரும்பே முந்தியது; தழைச்சத்து போதிய அளவு இருந்தபோது இரண்டுமே, எதையும் பெறாத கரும்பைவிட நன்றாக வளர்ந்தன. ஆக, நைட்ரஜன் அல்லாத பலனும் உண்மையில் இருக்கிறது. ஆனால் நைட்ரஜன் பலன் வேண்டுமென்றால் அதற்கான நிலையை நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும். கீழே சொல்லப்போகிற எல்லாப் படிகளும் இந்த ஒன்றை ஒட்டியவையே.

முதற்படி: யூரியாக் கணக்கு

பொட்டலம் வாங்குவதற்கு முன்பே மண் பரிசோதனை செய்து, யூரியாவை எவ்வளவு குறைக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட வேண்டும். தழைச்சத்து மிகுதியாக இட்ட வயல்களின் கரும்பில் இந்தப் பாக்டீரியாவின் எண்ணிக்கை சரிந்துவிடுவதை மெக்சிகோவிலும் தமிழ்நாட்டிலும் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வழக்கமான யூரியாவை முழுதாகப் போட்டுவிட்டு, ‘கூடுதலாக இதுவும் இருக்கட்டுமே’ என்று பொட்டலத்தையும் போடுகிறவர், விருந்தாளியை அழைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்.

தமிழ்நாட்டில் தரப்படும் பரிந்துரை, தழைச்சத்தில் கால் பங்கைக் குறைத்து முக்கால் பங்கை இடுவது. ஓர் எடுத்துக்காட்டு: உங்கள் மண்ணுக்கு ஏக்கருக்கு 110 கிலோ தழைச்சத்து வேண்டும் என்று அறிக்கை சொன்னால், அதில் கால் பங்கு 27.5 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம் என்பதால் இது ஏறத்தாழ 60 கிலோ யூரியாவுக்குச் சமம். 45 கிலோ மூட்டைக் கணக்கில் ஒன்றேகால் மூட்டைக்குச் சற்று மேல். முதல் ஆண்டில் இதற்கு மேல் குறைக்க வேண்டாம். யூரியாவே தேவையில்லை என்று சொல்லி விற்கிறவரிடம் பொட்டலத்தையும் வாங்க வேண்டாம். மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் அறிக்கையில் உள்ளபடியே இடலாம்.

இரண்டாம் படி: வாங்குவதும் வைப்பதும்

பொட்டலம் பெரும்பாலும் 200 கிராம் எடையில், பழுப்பு நிலக்கரித் தூளில் கலந்து வரும், திரவமாகவும் கிடைக்கிறது. உறையில் பாக்டீரியாவின் பெயர், எந்தப் பயிருக்கு, தயாரித்த நாள், காலாவதி நாள், தொகுதி எண் ஆகிய ஐந்தும் இருக்கிறதா என்று கடையிலேயே படித்துப் பார்க்க வேண்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் 2006 முதல் உயிர் உரங்களுக்கும் தரம் வகுக்கப்பட்டுள்ளது: அசோஸ்பைரில்லம் போன்றவற்றுக்குத் தூள் வகையானால் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி, திரவமானால் மில்லிக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்கள். இந்த எண்ணிக்கை ஆலையை விட்டுக் கிளம்பும்போது இருந்தால் போதாது, உங்கள் தொட்டியில் கொட்டும்போதும் இருக்க வேண்டும். ஆகவே காலாவதிக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்பதோடு, கடைக்காரர் அதை எங்கே வைத்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். பூச்சிமருந்துப் புட்டிகளுக்கு நடுவில், வெயில் படும் கண்ணாடி அலமாரியில் இருந்த பொட்டலத்தைப் பாதி விலைக்குத் தந்தாலும் எடுக்க வேண்டாம்.

உறையைப் பிரித்தால் தூள் கறுப்பாக, விரலில் ஒட்டுகிற அளவு ஈரமாக, மழைபெய்த மண்ணின் மணத்தோடு இருக்க வேண்டும். முகர்ந்தால் அழுகல் வாடை அடித்தாலோ, வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருந்தாலோ, ஈரமே இல்லாமல் புழுதியாகப் பறந்தாலோ அதைத் திருப்பித் தந்துவிடலாம். நான் முதல்முறை இதைச் செய்தபோது இருபது பொட்டலங்களைச் சித்திரை மாதத்தில் தகரக் கூரை போட்ட மோட்டார் கொட்டகையில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தேன். நடவுக்கு எடுத்தபோது தூள் காய்ந்து கட்டிகட்டியாக உடைந்தது. ‘மருந்துதானே, போட்டால் வேலை செய்யும்’ என்று கரைத்து ஊற்றினேன். அந்த ஆண்டு அந்த வயலில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. தெரிந்திருந்தால்தான் வியப்பு. வீட்டுக்குள் மண்பானைக்குப் பக்கத்தில், வெயில் படாத தரையில் வைத்திருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

மூன்றாம் படி: கரணை

கரணை வழியாகவே பாக்டீரியா அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது என்பதால் விதைக் கரும்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இங்கே வழக்கத்தைவிட மதிப்பு அதிகம். அதே வழியில்தான் செவ்வழுகலும் கரிப்பூட்டையும் புல்தண்டு நோயும் வருகின்றன. ஆறு முதல் எட்டு மாத வயதுள்ள, விதைக்கென்றே வளர்த்த நாற்றங்காலிலிருந்து கரும்பை எடுத்து, வெட்டுவாயில் சிவப்பு தெரிகிற கரணைகளை ஈவிரக்கமின்றிக் கழித்துவிட வேண்டும். உள்வாழ் பாக்டீரியா இருக்கிறது என்பதற்காக நோயுற்ற கரணையை நடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அத்துடன் நிறுத்திவிடலாம். இது வளர்ச்சிக்கான துணை, செவ்வழுகலுக்கு மருந்து அன்று.

பூஞ்சாணக் கொல்லியில் நனைக்கும் வழக்கம் உள்ளவர்கள் அதை முதலில் முடித்து, கரணைகளை நிழலில் உலர்த்தி, ஒரு நாள் இடைவெளி விட்டுப் பாக்டீரியாக் கரைசலில் நனைக்க வேண்டும். ஒரே தொட்டியில் இரண்டையும் கலப்பது கூடாது. தாமிரம் கலந்த மருந்துகளும் ஸ்ட்ரெப்டோமைசின் வகை மருந்துகளும் பாக்டீரியாவையும் கொல்பவை. அவற்றைக் கலக்கிய வாளியைக்கூட இதற்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

நான்காம் படி: நனைத்தல்

இருபரு கரணை நடுகிறவர்களுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 30,000 கரணை வேண்டும். இத்தனையையும் நனைத்தெடுப்பது சிறிய வேலையில்லை என்பதால் ஆட்களைக் கூப்பிடும் முன்பே ஏற்பாட்டை யோசித்துவிடுங்கள். 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாயை நெடுக்காகப் பாதியாக அறுத்தால் இரண்டு தொட்டி கிடைக்கும். ஒன்றில் கரணை ஊறும்போது மற்றொன்றிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். தண்ணீர் கிணற்றுத் தண்ணீராகவோ ஆழ்குழாய்த் தண்ணீராகவோ இருக்கட்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர்தான் உண்டு என்றால் முந்தைய நாள் மாலையே அகன்ற தொட்டியில் பிடித்துத் திறந்து வைத்துவிட வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீரில் கரணையை ஊறவைக்கும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. புளிப்பை விரும்பும் இந்தப் பாக்டீரியாவுக்கு அது ஆகாது.

உறையில் குறித்த அளவுப் பொட்டலங்களை முதலில் ஒரு வாளியில் சிறிது தண்ணீர் விட்டு, இட்லி மாவுப் பதத்துக்குக் கையால் பிசைந்து, கட்டியில்லாமல் ஆன பிறகே தொட்டியில் ஊற்றிக் கலக்க வேண்டும். நேரே தொட்டியில் கொட்டினால் தூள் பாதி மிதக்கும், பாதி அடியில் தங்கும். கைப்பிடி வெல்லம் சேர்ப்பவர்கள் உண்டு. சேர்க்காவிட்டாலும் குறையில்லை, ஆனால் சேர்த்துவிட்டு மறுநாள் வரை புளிக்க விடுவது தவறு, ஏனெனில் அதற்குள் காற்றிலுள்ள ஈஸ்டும் மற்ற நுண்ணுயிர்களும் தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். கரணைகளை முழுதும் மூழ்கும்படி அரை மணி நேரம் வைக்க வேண்டும். வெட்டி ஒரு நாளுக்குள் நனைத்தால் வெட்டுவாய் இன்னும் திறந்திருக்கும். நாள் கடந்து காய்ந்த கரணையில் நுழைவாயில் அடைபட்டுவிடும். மருந்தில் நனைத்தவர்கள் அதனாலேயே ஒரு நாள் இடைவெளிக்கு மேல் நீட்டக் கூடாது. எடுத்த கரணைகளை நிழலில் பரப்பி, அன்றைக்கே சாலில் வைத்து மண்ணை மூடித் தண்ணீர் கட்டிவிட வேண்டும். காலையில் நனைத்த கரணை மதிய வெயிலில் வரப்பில் கிடந்தால் அதுவரை பட்ட பாடு வீண்.

ஒரு பருவோடு சீவியெடுத்த ஒருபரு சீவலைக் குழித்தட்டில் வளர்த்து நடுகிறவர்களுக்கு வேலை எளிது. ஏக்கருக்கு ஐயாயிரம் நாற்று அளவே தேவைப்படுவதால், சீவல்களை நனைத்துத் தென்னைநார்க் கழிவில் வைக்கலாம். நடவுக்கு முன் நாற்றின் வேரை மீண்டும் ஒருமுறை நனைக்கலாம். பக்கவேர் வெளிவரும்போது தோலில் ஏற்படும் சிறு வெடிப்பு வழியாகவே இவை பெரும்பாலும் உள்ளே போகின்றன. குழித்தட்டு நாற்றில் அத்தகைய வெடிப்புகள் நிறைய இருக்கும். முதன்முறை செய்கிறவருக்கு நான் இதையே சொல்வேன்.

ஐந்தாம் படி: 30ஆம் நாளும் 60ஆம் நாளும்

கரணையிலிருந்து முதலில் வரும் வேர்கள் தற்காலிகமானவை. முளையின் அடியிலிருந்து வரும் தண்டு வேர்களே பிறகு கரும்பைத் தாங்குகின்றன; அவை ஒரு மாத அளவில் பெருகத் தொடங்கும். இதனால்தான் கரணை நனைப்போடு நிற்காமல் நட்ட 30ஆம் நாளிலும் 60ஆம் நாளிலும் மண்ணிலும் இடச் சொல்கிறார்கள். ஏக்கருக்கு உரிய பொட்டலங்களை, நன்கு மட்கிச் சூடு அடங்கிய தொழு உரம் 200 கிலோவில் கலந்து, தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கு போட்டு ஓர் இரவு நிழலில் மூடி வைத்து, மறுநாள் மாலையில் தூரை ஒட்டி இட்டு, லேசாக மண் அணைத்துத் தண்ணீர் விட வேண்டும். கைவிட்டால் சுடுகிற எருவில் கலந்தால் பாக்டீரியா வெந்துபோகும். மணிச்சத்தைக் கரைக்கும் பாஸ்போபாக்டீரியாவையும் இதோடு சேர்த்துக் கலக்கலாம். யூரியாவையோ பொட்டாஷையோ கலக்கக் கூடாது. யூரியா மேலுரமும் இதே நாட்களில்தான் வரும் என்பதால் இரண்டுக்கும் இடையே ஒரு வாரமாவது விடுங்கள்.

ஆறாம் படி: இலையைப் படிப்பது

யூரியாவைக் குறைத்தவருக்கு இரண்டாம் மாதத்தில் ஒரு பயம் வரும். பக்கத்து வயல் கரும்பச்சையாக நிற்க, தம்முடையது சற்று வெளிர்ந்து தெரியும். உடனே ஒரு மூட்டையைத் தூக்கி வீசிவிடத் தோன்றும். அதற்கு முன் எந்த இலை வெளிறியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். தழைச்சத்துக் குறைவானால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். குருத்தும் அதை அடுத்த இளம் இலைகளும் நரம்பு பச்சையாக, நடுப்பகுதி வெளுத்து, கோடு கோடாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைபாடு; சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் இது அடிக்கடி வரும், யூரியாவை எத்தனை போட்டாலும் போகாது, அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து இலையில் தெளித்தால்தான் மாறும். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கே இரும்பும் மாலிப்டினமும் தேவை என்பதால் இந்தக் குறைபாட்டைத் தள்ளிப்போடுவது பாக்டீரியாவின் வேலையையும் சேர்த்தே கெடுக்கும். அடியிலைகள் உண்மையாகவே பரவலாக மஞ்சளானால் தயங்காமல் யூரியாவைக் கொடுத்துவிடுங்கள். ஒரு போகம் விளைச்சலைப் பணயம் வைத்து எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

ஒப்பிடுவது எப்படி

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பாக்டீரியா இட்டு, யூரியாவையும் கால் பங்கு குறைத்து, விளைச்சல் குறையவில்லை என்று கண்டால் பாக்டீரியா ஒரு மூட்டைக்கு மேல் யூரியாவை மிச்சப்படுத்திவிட்டதாகக் கணக்கு எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் கால் பங்கு முதலிலிருந்தே மிகையாகக்கூட இருந்திருக்கலாம். பல கரும்பு வயல்களின் நிலை அதுதான். ஆகவே வயலில் மூன்று பகுதிகள் வேண்டும். முழு யூரியா பெற்று, பாக்டீரியா பெறாத நான்கு வரிசை. முக்கால் யூரியா பெற்று, பாக்டீரியா பெறாத நான்கு வரிசை. மற்ற வயல் முழுவதும் முக்கால் யூரியாவும் பாக்டீரியாவும். இரண்டாவதும் மூன்றாவதும் வேறுபட்டால்தான் அது பாக்டீரியாவின் கணக்கு. பாக்டீரியா பெறாத வரிசைகளைத் தண்ணீர் நுழைகிற மடைப் பக்கத்தில் வையுங்கள். கடைமடையில் வைத்தால் பாசன நீரோடு கரைசலும் எருவும் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

நட்ட 90ஆம் நாளிலும் 120ஆம் நாளிலும் ஒவ்வொரு பகுதியிலும் நடு வரிசைகளில் 10 மீட்டர் அளந்து, சிம்புகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓர வரிசைகளுக்கு வெளிச்சம் கூடுதலாகக் கிடைப்பதால் அவற்றை எண்ண வேண்டாம். அறுவடையின்போது அதே 10 மீட்டர் கரும்பை வெட்டி, சோகை உரித்து, தனித்தனியே எடை போட்டுவிட்டால் கணக்கு முடிந்தது. வேறுபாடு ஒன்றுமே இல்லை என்று வரலாம். கரும்பு இரகத்துக்கு இரகம் இந்தப் பாக்டீரியாவோடு ஒத்துப்போகும் திறன் மாறுகிறது. பிரேசிலில் நெடுங்காலம் குறைந்த யூரியாவிலேயே இரகங்களைத் தேர்ந்தெடுத்து வந்ததால்தான் அங்கே இந்த உறவு வலுவாக இருக்கிறது என்பது டோபெரெய்னர் குழுவினரின் கருத்து. நம்முடைய தேர்வு வயல்கள் பெரும்பாலும் உரம் நிறைந்தவை.

மறுதாம்பு விடுகிறவர்கள், அதாவது வெட்டிய கட்டையிலிருந்தே அடுத்த போகத்தை வளர்க்கிறவர்கள், அறுவடைக்குப் பின் சோகையைக் கொளுத்தாமல் சால்களில் பரப்பி, கட்டைகளைத் தரையோடு தரையாகச் சீவிவிட வேண்டும். கட்டைக்குள் பாக்டீரியா ஏற்கெனவே இருக்கிறது. புது வேர் இறங்கும் சமயத்தில், ஒரு மாத அளவில், எருவோடு ஒருமுறை இட்டால் போதும். ஒப்பீட்டு வரிசைகளை மறுதாம்பிலும் அப்படியே தொடர வேண்டும் என்பதால் அவற்றின் எல்லையை முளைக்குச்சியால் குறிக்காதீர்கள், வெட்டுக்கு வருகிற ஆட்கள் முதலில் பிடுங்குவது அதைத்தான். வரப்பில் கல் நட்டு, அதில் வரிசை எண்ணைப் பெயிண்டால் எழுதி வையுங்கள்.